கிடங்குத் தெருவில் தட்டு பத்தவில்லை

தோஸ்த்,

மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த வடக்கயிற்றைச் சுருட்டி வைக்கலாமென்று இன்று காலை மேலே போனேன். நல்ல வெயில். குனிந்து கையில் எடுத்ததும் குப்பென்று வேலம்பட்டைத் தூள் வாசம் அடித்தது. நீதான் பின்னால் வந்து நின்றுவிட்டாயோ என்று திரும்பிப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிமேல் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. அது நீயாக இருக்க முடியாது. அவ்வளவு நேரம் பேசாமல் நீ இருந்ததே கிடையாது.

வாசம் கையில் ஒட்டிக்கொண்டது. கழுவ மனசு வரவில்லை. அந்தக் கையாலேயே இதை எழுதுகிறேன். ஆறாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவன் என்பது உனக்குத் தெரியும். அன்றைக்கு வாத்தியார்கள் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள் என்பதும் தெரியும். ஆகையால் இதில் பிழை ஏதாவது இருந்தால் அது காகிதத்தின் பிழை.

சேதி இதுதான். கிடங்குத் தெரு ஜெயித்துவிட்டது. மேட்டுத் தெருவை இழுத்த இழுப்பில் அவர்களில் பாதிப் பேர் ஆம்பூரில் விழுந்தார்கள், மீதிப் பேர் வாணியம்பாடியில் போய் எழுந்தார்கள்.

காணும் பொங்கலன்று பாலாற்றங்கரை மைதானத்தில் தெருவுக்குத் தெரு வடம் இழுக்கிற போட்டி, ஒரு பக்கத்துக்கு எட்டுப் பேர். அந்த எட்டுப் பேருக்காக நாம் என்றைக்காவது அலைந்திருக்கிறோமா? உன் வீட்டில் நாலு அண்ணன் தம்பி, என் வீட்டில் நாலு. கணக்கு முடிந்தது. உன் அம்மா பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டிருந்தாள். "ஏய் லட்கா!" என்று பையன்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு குரல் கொடுப்பாள், ஐந்து பேர் ஓடுவோம், அதில் இரண்டு பேர் என் வீட்டுக்காரர்கள். வடம் இழுக்க ஆள் கேட்டு நீ என் வீட்டு வாசலில் வந்து நின்றால் என் அம்மா சொல்லுவாள்: "நாலு பேரையும் இட்டுனு போப்பா. பொழுது சாஞ்சி அனுப்பு. வூடு கொஞ்சம் மூச்சு வுடட்டும்."

முன்னால் நின்று, முறைத்தே எதிராளியின் பாதி பலத்தை உறிஞ்சியவன் நான். கடைசியில் வடத்தை இடுப்பில் சுற்றிக்கொண்டு கல்லுமாதிரி நின்றவன் நீ. இழுப்பதற்கு முன்னால் டேனரியிலிருந்து மடித்துக் கொண்டுவந்த பட்டைத் தூளை எட்டு ஜோடிக் கையிலும் தேய்ப்பாய். "எருமைத் தோலையே பதமாக்குற தூளுடா. உன் கை எம்மாத்திரம்?" என்பாய். அப்புறம் உன் தொண்டை திறக்கும், நம் ஐலசாவை உன் உருதுவில். "ஜோர் லகாகே... ஹைஷா!" அந்த ஹைஷாவுக்கு எட்டு முதுகும் ஒன்றாய்ச் சாயும். விரிஞ்சிபுரம் கோயில் மணி அந்தச் சத்தத்தில் தானாக ஆடியது என்று நான் சொன்னால் ஊரில் சிலர் நம்புவதில்லை. அவர்களுக்குக் காது மந்தம்.

முதல் வருஷத்தை மறந்திருக்க மாட்டாய். விரிஞ்சிபுரத்திலிருந்து பிழைக்க வந்து கிடங்குத் தெருவில் குடியேறி எங்களுக்கு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மேட்டுத் தெரு பலராமனுடைய அப்பா வடத்தின்மேல் காலை வைத்துக்கொண்டு மறித்தார்.

"வெளியூர் ஆளுங்கள இட்டுனு வந்து இழுத்தா இன்னா நாயம்? இவனுங்க எப்ப உங்க தெரு ஆளானாங்க?"

நீ யோசிக்கவே இல்லை. "எந்தக் கொயாயில தண்ணி புடிக்கிறானோ, அவன் அந்தத் தெரு ஆளு. இவங்க கொடம் எங்க கொயாயிலதான் நிக்குது. போய்ப் பாத்துட்டு வா நைனா."

அந்த மனுஷர் உண்மையிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எங்கள் வீட்டுப் பித்தளைக் குடம் வரிசையில் மூன்றாவதாக நின்றிருந்தது. அன்றிலிருந்து போட்டியில் அதுதான் சட்டம். எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அதனால்தான் எல்லோருக்கும் மனப்பாடம்.

அப்புறம் நாமெல்லோரும் ஒன்று, மிஞ்சினால் இரண்டு என்று நிறுத்திக்கொண்டோம். எனக்கு ஒரே பையன், மஸ்கட்டில் இருக்கிறான். உனக்கு ஒரே மகள், நஸ்ரீன். டீக்கடையில் உன்னைச் சீண்டாதவர்கள் உண்டா? "இன்னா பாய், ஒண்ணோட கடைய சாத்திட்ட?" நீ டீயை ஆற்றிக்கொண்டே, "வடம் இழுக்கறதுக்கா புள்ள பெத்துக்கறாங்க? ஒண்ணு போதும். எட்டுப் பேர் படிப்பையும் அதுவே படிக்கட்டும்" என்றாய். படித்தாளே! இன்றைக்கு ஷூ கம்பெனியில் ஒரு முழு லைனுக்கு அவள்தான் சூப்பர்வைசர். அவள் இருமினால் நாற்பது மிஷின் நிற்கும்.

ஆனால் வடத்துக்கு ஆள் இல்லாமல் போயிற்று. உன் கடைசிப் பொங்கலில் கிடங்குத் தெரு களத்திலேயே இறங்கவில்லை. "அடுத்த வருசமும் எட்டுப் பேர் தேறலன்னா மேட்டுத் தெருவோட சேந்துக்கங்க, பேரை அடிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டார்கள் போட்டி நடத்துகிறவர்கள். நீ படுத்த படுக்கையில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டது அது ஒன்றைத்தான். "கோயிந்து, நம்ம தெருவுக்கு எட்டுப் பேர் கெடைப்பாங்களாடா?"

"எட்டா? எண்பது பேர இட்டாறேன், போதுமா?" என்றேன்.

நீ சிரித்தாய். என் வார்த்தையை எந்தக் கழிவு போட்டு எடுத்துக்கொள்வது என்று உனக்குத் தெரியும்.

டிவியைப் போட்டால் நாலு பேர் உட்கார்ந்துகொண்டு ஒப்பாரி வைக்கிறார்கள் தோஸ்த். நம் மாநிலத்தில் பிள்ளைகள் கம்மியாகிவிட்டார்களாம், வடக்கே ஜாஸ்தியாம், நாளைக்கு டெல்லியில் நமக்கு நாற்காலி குறையுமாம். கல்யாண மேடையில் வாழ்த்த வருகிறவர்கள், நிறையப் பெற்றுக்கொள்ளுங்கள் என்கிறார்கள். அளவோடு பெறுங்கள் என்று நம் காலத்தில் சுவரெல்லாம் எழுதினார்களே, அந்தப் பெயின்ட்டே இன்னும் உதிரவில்லை. அதற்குள் பாட்டை மாற்றிவிட்டார்கள்.

மார்கழி பிறந்ததும் நான் வீடு வீடாக ஏறினேன். எல்லாம் ஒற்றைப் பிள்ளை வீடுகள். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற தினேஷின் அம்மா கதவைப் பாதிதான் திறந்தாள். "ண்ணா, ஒத்தப் புள்ள. இடுப்பு புடிச்சிக்கினா யாரு பாக்கறது?" என் அம்மா நாலையும் அள்ளிக் கொடுத்ததை நினைத்துக்கொண்டேன். இந்தக் காலத்தில் ஒரு பிள்ளையைக் கடன் வாங்குவதைவிட ஒரு லாரியைக் கடன் வாங்கிவிடலாம். ஆனால் என் பேச்சுக்கு எந்தக் கதவு நிற்கும்? பேசிப் பேசியே நாலு பேரைச் சேர்த்துவிட்டேன். தினேஷும் வந்தான், இடுப்பில் பெல்ட்டோடு.

மீதி நாலுக்கு எங்கே போவது? மறுநாள் காலை குழாயடிக்குப் போனேன். வரிசையில் முன்னா நின்றிருந்தான், பின்னால் அவனோடு தங்கியிருக்கிற மூன்று பேர். பீகார்ப் பையன்கள். டேனரியில் தோல் உருட்டுகிற டிரம் ஓட்டுகிறார்கள், நீ பார்த்த அதே வேலை. தங்கியிருப்பது எங்கே தெரியுமா? உன் வீட்டு மாடியில், உன் அண்ணன் தம்பிகள் உருண்டு புரண்ட அதே அறையில். அந்த அறைக்கு நாலு பேர் என்பது யாரோ விதித்த விதிபோல.

"முன்னா, வடம் இழுப்பியா?" என்று கையால் காட்டினேன்.

"எதுக்கு சாச்சா? லாரி மாட்டிக்கிச்சா?" என்றான். நஸ்ரீன்போல அவனுக்கும் நான் சாச்சா, சித்தப்பா. இழுக்கிறது விளையாட்டு என்று புரியவைக்க எனக்கு ஒரு டீ செலவாயிற்று.

முதல் ஒத்திகை பேஜாராகிவிட்டது. நான் "ஐலசா" என்றால் நம் பையன்கள் சாய்கிறார்கள். பீகார்ப் பையன்கள் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்கள் இழுக்கிற நேரத்தில் நம் பையன்கள் மூச்சு வாங்குகிறார்கள். எட்டுப் பேர் இருந்தும் நாலு நாலாகத்தான் இருந்தார்கள். அந்த வழியாக ஷிப்ட் முடிந்து, டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நஸ்ரீன் வந்தாள்.

"இன்னா சாச்சா, வடம் இழுக்கறீங்களா, கொடி கட்டறீங்களா?"

"நீ இழுத்துக் காட்டேன்!" என்றேன் கோபத்தில்.

அவள் இழுக்கவில்லை. பையைக் கீழே வைத்தாள். வீட்டுக்குள் போய் உன் டப்பாவிலிருந்த பட்டைத் தூளைக் கொண்டுவந்து எட்டு ஜோடிக் கையிலும் கொட்டினாள். பிறகு அரசமரத்துக் கல்லின்மேல் ஏறி நின்று தொண்டையைத் திறந்தாள். "ஜோர் லகாகே..."

முன்னாவின் முகம் மாறியது. அவன் ஊரில் மூட்டை தூக்குகிறவர்கள் போடுகிற குரல் அது. நாலு பேரும் ஒரே வாயாக "ஹைஷா!" என்றார்கள். நம் பையன்களுக்கு மட்டும் தெரியாதா என்ன? உன் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே. எட்டு முதுகும் ஒன்றாய்ச் சாய்ந்தன. வடத்தின் மறுமுனையைக் கட்டியிருந்த அரசமரம் ஒரு முழம் நகர்ந்தது. நம்பாதவர்கள் வந்து வேரைப் பார்க்கலாம்.

காணும் பொங்கலன்று எட்டு ஜோடிக் கையிலும் நானே பட்டைத் தூள் தேய்த்துவிட்டேன், மைதானத்தில் இறங்கினோம். நினைத்தபடியே பலராமன் வடத்தின்மேல் காலை வைத்தான். அப்பனுக்குத் தப்பாத பிள்ளை.

"யோவ் கோயிந்து! பீகாரை இட்டுனு வந்துகிறியே, இதுல எவன்யா உங்க தெரு?"

இதற்காகத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தேன்! நெஞ்சை நிமிர்த்தி, நாலு தெருவுக்கும் கேட்கும்படி உன் வாக்கியத்தை எடுத்து வீசினேன். "எந்தக் கொயாயில தண்ணி புடிக்கிறானோ, அவன் அந்தத் தெரு ஆளு!"

"புடிக்கிறான்னு நீ சொன்னா ஆச்சா?" பலராமன் முன்னாவிடம் திரும்பினான். "தம்பி, எந்தக் கொயா?"

முன்னா நிதானமாகச் சொன்னான்: "மாரியம்மன் கோயில் பக்கம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணி. திருகு போச்சு, கம்பி கட்டிருக்கு. இந்த சாச்சா லைன்ல நிக்காது. நடுவுல குடம் வெக்கும். கேட்டா, நைட்டே வெச்சேன்னு சொல்லும்."

மைதானமே கொல்லென்று சிரித்தது. பலராமன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "கோயிந்து கொடத்த இவ்ளோ தெரிஞ்சவன் கிடங்குத் தெரு ஆளுதான்யா! நிக்க வையி!" என்று காலை எடுத்துவிட்டான்.

முன்னா சொன்னது அபாண்டம் என்பதற்கு நீதான் சாட்சி. நான் நடுவில் வைப்பதில்லை. என் குடத்தைச் சுற்றித்தான் வரிசையே உண்டாகிறது. போகட்டும், தெருவுக்காக என் மானத்தைக் கொடுத்தேன்.

முதல் இழுப்பு அவர்களுக்குப் போனது. இரண்டாவது நமக்கு. மூன்றாவதில் வடம் நடுக்கோட்டில் ஆணி அடித்ததுபோல் நின்றுவிட்டது. கடைசியில், உன் இடத்தில், முன்னா வடத்தை இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றான். தினேஷின் பெல்ட் அறுந்து விழுந்தது. அவன் அம்மா "விட்டுடுறா கண்ணு!" என்று கத்தினாள். கத்திக் கத்தி நஸ்ரீனுக்குக் குரல் கட்டிவிட்டது. "ஜோர்..." என்றாள், அதற்குமேல் காற்றுதான் வந்தது.

அப்போது அவள் பக்கத்திலிருந்த அவளுடைய லைன் பெண்கள் எடுத்துக் கொடுத்தார்கள், "லகாகே!" என்று. தெருவே சேர்ந்துகொண்டது. விட்டுவிடு என்று கத்திய தினேஷின் அம்மாதான் "ஹைஷா"வை எல்லோருக்கும் மேலே போட்டாள். எட்டு முதுகும் தரையைத் தொட்டன. மேட்டுத் தெரு மொத்தமாக வந்து நம் காலடியில் குவிந்தது. குவியலின் மேலே பலராமன், அப்போதும் சிரித்துக்கொண்டு.

நம் பெயரை அடிக்க ஒருவருக்கும் இனி கை வராது.

பரிசுக் கடாவை அன்றே பிரியாணி போட்டோம். பிரியாணி டேக்சா அண்டாவைத் திறந்ததும் வந்தவர்களை எண்ணலாமென்று விரலை நீட்டினேன். உன் குரல் காதில் விழுந்தது. ஒவ்வொரு வருஷமும் கரண்டியால் என் விரலைத் தட்டிவிட்டுச் சொல்லுவாயே: "தலைய எண்ணாதடா, கம்மியாத்தான் தெரியும். தட்ட எண்ணு."

தட்டை எண்ணினேன். உன் வீட்டிலிருந்தது, என் வீட்டிலிருந்தது, கோயில் தட்டு, எல்லாம் வந்தன. முன்னாவின் கூட்டாளிகள் வந்தார்கள், நஸ்ரீனின் லைன் பெண்கள் வந்தார்கள், பலராமன் தன் தெருவையே கூட்டிக்கொண்டு வந்தான். மஸ்கட்டிலிருந்து என் பையன் போனில் வந்து, "எனக்குத் தட்டு எங்கேப்பா?" என்றான். கடைசியில் எனக்குத் தட்டு இல்லை. வடம் ஜெயித்துக் கொடுத்த தலைவன் நான், டேக்சா மூடியைத் திருப்பிப்போட்டு அதில் சாப்பிட்டேன். ஒரு கையில் பட்டைத் தூள் வாசம், ஒரு கையில் பிரியாணி வாசம்.

ஜனம் கம்மியாகிவிட்டது என்று டிவியில் அழுகிறவர்கள் அழட்டும். உனக்கு மட்டும் சரியான கணக்கைச் சொல்லிவிடுகிறேன். தட்டு பத்தவில்லை தோஸ்த். நம் தெருவில் தட்டு பத்தவில்லை.