கொல்லை வாசலில் போன நெல்லிச்சாறு

என்றும் என் அன்புக்குரிய உங்களுக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. ஒரு விஷயம் கேட்க வேண்டியிருக்கிறது.

நம் வில்லாபுரம் வீட்டு நெல்லி இந்த வருஷமும் கொப்பு ஒடியக் காய்த்திருக்கிறது. மருமகள் மிக்ஸி வாங்கிவிட்டாள். உங்கள் சர்க்கரை வியாதிக்காக நான் காயைச் சீவி மல்துணியில் பிழிந்த கதை அவளுக்கு வேடிக்கை. ஆறு வருஷம் பிழிந்தேன். நீங்கள் டம்ளரோடு கொல்லைப்பக்கம் போவீர்கள். காலியாகக் கொண்டுவந்து வைத்து, "அருமை" என்பீர்கள். அந்தப் புளிப்புக்கு ஒரு நாளாவது முகம் சுளிக்க வேண்டாமா? எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

நேற்று, வண்டியூரிலிருந்து கீரை கொண்டுவரும் பேச்சி கூடையை இறக்கிச் சும்மாட்டை எடுத்தபோது அவள் தலையைப் பார்த்தேன். என் வயதுதான். வகிட்டில் மட்டும் லேசாக நரை, மற்றதெல்லாம் கன்னங்கரேல்.

"சாயமா பூசுற?" என்றேன்.

"நல்லாக் கேட்டீங்க டீச்சரம்மா! சாயம் வாங்க நான் என்ன சினிமாக்காரியா? எல்லாம் நெல்லிச்சாறு."

"யார் வீட்டு நெல்லி?"

கூடையைத் தூக்கப் பார்த்தாள். விடுவேனா? கான்வென்ட்டில் படித்து, முப்பது வருஷம் வகுப்பில் திருட்டு முழிகளைப் பார்த்தவள் நான்.

"காயைத் தொட்டதில்ல, சத்தியமா. ஐயாதான் கொல்லை வாசல்ல டம்ளரை நீட்டுவாரு. குடிக்கத்தான் சொன்னாரு. அம்புட்டுப் புளிப்ப எவ குடிப்பா? எண்ணெயில காச்சித் தலைக்குத் தேச்சேன். ஐயா போனப்புறம்தான் நரைக்குது."

உங்களைக் கொண்டுபோனது இருதயம், சர்க்கரை அல்ல என்றார் டாக்டர். இனி அவரை எப்படி நம்புவேன்? அதைக் குடித்திருந்தால் இன்று இருந்திருப்பீர்களோ? மாத்திரைகளையாவது விழுங்கினீர்களா, அவையும் கொல்லை வாசல் வழிதானா?

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?" என்று கத்திவிட்டேன்.

"சொல்லாதன்னாரு. 'வேணாம்னா அவ மனசு ஒடிஞ்சுபோகும்'னாரு."

ஒடிந்திருக்க மாட்டேன். கோபித்திருப்பேன். பிறகு காயை வேகவைத்து உப்பிட்டிருப்பேன். தயிரில் அரைத்துப் பச்சடி செய்திருப்பேன். எனக்கு வழியா தெரியாது? இவ்வளவு வருஷம் கூட இருந்தும், என்னிடம் "பிடிக்கவில்லை" என்று சொல்லப் பயந்தீர்களா?

பேச்சியை நிறுத்திவிடவில்லை. இன்றும் அவளிடம்தான் முருங்கைக்கீரை வாங்கினேன். விசாரணை உங்களிடம்தான் பாக்கி. நான் அங்கே வந்து கேட்கும்போது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கோபத்தில் ஒரே ஒரு நாள்தான் உங்களோடு பேசாமல் இருப்பேன். இது சத்தியம்.

உங்கள் "அருமை"யை இனி நம்பாத,
உங்கள் மனைவி,
கமலம்