கைகள் தெரியும் படம்

சின்ன காஞ்சிபுரம்
5.5.2025

அன்புள்ள இளவரசன் தம்பிக்கு,

நீலாம்பாள் டீச்சர் எழுதுவது. நீங்களும் ரேவதியும் நலம்தானே? முகூர்த்த சீசனில், கல்யாண வீடியோ வேலை கழுத்துவரை இருக்கும்போது, காது கேளாத எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு பைசா வாங்காமல் படம் எடுத்துத் தந்தீர்கள். அந்த நன்றி மனம் நிறைய இருப்பதால்தான் இதை எழுதக் கை கூசுகிறது.

படத்தில் முகங்கள் அவ்வளவு அழகு. ஆனால் பிள்ளைகள் கையால் பேசுகிறவர்கள். காது கேளாத எனக்கும் அதுதான் பேச்சு. முகத்தை நெருக்கத்தில் காட்டியதில் கைகள் எல்லாம் வெட்டுப்பட்டுவிட்டன. சிம்ரன் கேமராவைப் பார்த்துத் தன் அம்மாவுக்கு எவ்வளவோ சொல்கிறாள். படத்தில் சிரிப்பு மட்டும்தான் தெரிகிறது. பத்தாவதோடு போதும் என்று அவளை நிறுத்தப்போகிறார் அம்மா லில்லி. இருபத்தைந்தாம் தேதி பெற்றோர் கூட்டத்தில் இந்தப் படத்தைப் பார்த்தாவது மனம் மாறுவார் என்று நம்பியிருந்தேன்.

தவறாக எண்ணவேண்டாம், தம்பி.

அன்புடன்,
நீலாம்பாள்


பிள்ளையார்பாளையம்
7.5.2025

அன்புள்ள டீச்சருக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது, மறைப்பானேன். மணப்பெண் முகத்தை க்ளோசப்பில் காட்டித்தான் இத்தனை வருஷமாகச் சோறு தின்கிறேன். ரேவதிதான் படத்தை ஓடவிட்டு, சவுண்டை நிறுத்தினாள். "அதுங்க என்னா பேசுதுங்கன்னு இப்போ சொல்லுங்க பார்க்கலாம்" என்றாள். அப்போதுதான் உறைத்தது. புல்லாங்குழலைப் போட்டு நிரப்பிவிட்டு, பேச்சை வெட்டி எறிந்திருக்கிறேன்.

நல்லவேளை, எடுத்தபோது கைகளும் இருந்தன, எடிட்டிங்கில்தான் வெட்டினேன். ஆனால் ஒரு பேச்சு எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியாது. சிம்ரனை அழைத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வாருங்கள். நீங்கள் எழுதித் தரத் தரக் கீழே எழுத்தும் போடலாம். பெருமாள் கோயில் கருட சேவைக் கூட்டத்துக்கு முன்னாலேயே வந்துவிடுங்கள். அப்புறம் உங்கள் பக்கம் ஆட்டோ நகராது. ஒரு கல்யாண வீடியோ தாமதமாகும். அந்த வீட்டாரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

சொன்னதற்கு நன்றி, டீச்சர். சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

இப்படிக்கு,
இளவரசன்


சின்ன காஞ்சிபுரம்
26.5.2025

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று படம் போட்டோம். சிம்ரன் கைகள் திரையில் பெரிதாகத் தெரிந்தன. கீழே உங்கள் எழுத்து: "அம்மா, நீ கம்பெனி கேன்டீனிலிருந்து வந்ததும் அன்றைக்கு நடந்ததையெல்லாம் தங்கச்சியிடம் சொல்கிறாய். என்னிடமும் சொல்லேன். எனக்கும் சொல்ல நிறைய இருக்கிறது."

பின்னால் நின்றிருந்த லில்லி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஏதோ கேட்டார். எங்கள் ஆபீஸ் அகிலா அதை அப்படியே எழுதிக் காட்டினாள்: "இத்தினி நாளா இவ்ளோ பேசிக்கினா இருந்தா? நான்தான் பார்க்கலியா?"

பதினொன்றாம் வகுப்புக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார், தம்பி. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

போகும்முன் என்னிடம் கையால் 'நன்றி' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லக் கற்றுக்கொண்டார். வாசல்வரை அதையே செய்து பார்த்துக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவாம். சிம்ரனோடு உங்கள் ஸ்டூடியோவுக்கு வருகிறார். வாய் திறந்து எதுவும் சொல்லப்போவதில்லையாம். நீங்கள் அவர் கைகளைப் பாருங்கள்.

அன்புடன்,
நீலாம்பாள்