அரைச் சாண் மண் போதும்

அன்பு மகனுக்கு,

ஊர் அடங்கின பிறகு எழுத உட்கார்ந்திருக்கிறேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். பகலில் எழுதினால் அப்பா தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பார். நாங்கள் இருவரும் உடம்புக்குச் சுகம்தான், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று போனில், தங்கச்சிப் பாப்பாவின் கற்றாழைக் கன்றுக்கு முழங்கால் உயரத் தொட்டி வாங்கிட்டேன்மா, எவ்வளவு மண் போடணும் என்று கேட்டாய். அப்பா பக்கத்திலேயே இருந்ததால் அப்புறம் சொல்றேன் என்று வைத்துவிட்டேன். வேண்டாம்டா, அந்தத் தொட்டி வேண்டாம். இங்கே தாய்ச்செடி போய்விட்டது. என் செடிக்கு மட்டும் குடிசையா, மாளிகை கட்டிக் குடுங்கப்பா என்று உன் தங்கை நச்சரித்து நீல வாளியில் வைக்கச் சொன்னாளே, ஞாபகம் இருக்கிறதா? அவள் இருந்தவரை தண்ணீர் ஊற்றவே மறந்துவிடுவாள், அந்தச் சோம்பேறித்தனத்தில்தான் அது பிழைத்துக்கிடந்தது. அவள் போன பிறகு அப்பா தினமும் ஒரு குவளை ஊற்ற ஆரம்பித்தார். செடிகொடியைப் பற்றியே படித்துப் பட்டம் வாங்கியவள் நான், எனக்குத் தெரியாதா? ஆனால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்த மனுஷன் அதற்காக மட்டும்தான் எழுந்தார். ஊத்தாதீங்க என்று எந்த வாயால் சொல்வேன்? போன வாரம் மடல் அவர் கையோடு வந்துவிட்டது. வாளியைக் கவிழ்த்தோம். வேர் மேலே ஒரு கை அளவுக்குத்தான் ஓடியிருந்தது, அதற்குக் கீழே அத்தனையும் புளித்த நாற்றத்தோடு கருஞ்சேறு. வாளியைக் கழுவி, ஜன்னலோரம் அதே இடத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு, பையன்கிட்ட சொல்லிடாதே, அவனாவது நிம்மதியா இருக்கட்டும் என்றார்.

அதனால் இப்போது அவள் கை பட்டது என்று மிச்சமிருப்பது நீ பேப்பரில் சுற்றி எடுத்துப்போன அந்த ஒரு கன்றுதான். வாய் அகன்ற, ஆழமில்லாத சட்டி பார்த்து வாங்கு, அடியில் ஓட்டை இருக்கணும். பாதிக்குப் பாதி மணல் கலந்து அரைச் சாண் மண் போட்டால் போதும். வேர் எட்டாத ஆழத்தில் தண்ணீர் தேங்கினால் அழுகல்தான். விரலை உள்ளே விட்டுப் பார், நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்று, பாசம் பொங்கி ஊற்றிவிடாதே. காலேஜ் முடித்த கையோடு உன்னைப் பெற்றவள், அம்மாவாகவும் அதட்டுவேன், அக்காவாகவும் அதட்டுவேன். ஒன்று மட்டும் கேள், அதுவும் பட்டுப்போனால் என்னிடம் மறைக்காதே. உன்னைக் குறை சொல்ல மாட்டேன். நீயும் அங்கே சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடக்கிறாயோ என்பதுதான் என் பயம்.

அது பக்கக்கன்று விட்டால் வரும்போது ஒன்று கொண்டுவா. அப்பா இன்னும் காலையில் குவளையோடு ஜன்னல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வருகிறார்.

நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்கணும். பதிலை என் ஆபீஸ் விலாசத்துக்கே போடு. நடுக்குருத்து கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, சீக்கிரம் எழுது.

உன்
அம்மா