அண்ணன் கழற்றிக்கொண்டு போன கார்புரேட்டர்

மார்ச் 2, திங்கள்

ஜீப் இன்றைக்கும் மார்க்கெட் மேட்டில் நின்றுவிட்டது. மேடு என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. குழந்தைகள் மூன்று சக்கர சைக்கிளில் ஏறிப் போகிற மேடு. பின்னால் வந்த வேன்காரர் இறங்கி வந்து, "சார், தள்ளணுமா, இல்ல இங்கயே இருந்துக்கறீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

சமதரையில் ராஜா மாதிரி போகிறது. ஏற்றத்தைக் கண்டால் முதலில் இருமல், அப்புறம் மயக்கம். மெக்கானிக் சவுண்டு வந்து பார்த்தார். வண்டிச் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்கிறவர் என்பதால் அந்தப் பெயர். அவர் வீட்டுக்காரம்மாவே அப்படித்தான் கூப்பிடுகிறார். "கார்புரேட்டர்தான் சார். பதினோரு வருஷமா இதையேதான் சொல்றேன். இது டூப்ளிகேட். ஒரிஜினல் எங்க?"

எங்கே என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்பதில் அவருக்கு ஒரு திருப்தி.

வீட்டுக்கு வந்தால் மனைவி ஒரு செய்தி வைத்திருந்தாள். என் அண்ணன் மலை வீட்டைக் காலி செய்கிறாராம். அவரும் அண்ணியும் மகளோடு போய் இருக்கப் போகிறார்கள். விமானத்தில் பதினாறு மணி நேரத் தொலைவு. இருபத்தெட்டாம் தேதி பயணம். திரும்பி வருகிற உத்தேசம் இல்லையாம்.

"ஓஹோ" என்றேன். சாப்பிட்டேன். இரண்டு தடவை கை கழுவினேன்.

மார்ச் 3, செவ்வாய்

பின்னாளில் யாராவது இந்த நோட்டைப் படித்தால் நான்தான் குற்றவாளி என்று நினைத்துவிடக் கூடாது. ஆகவே நடந்ததை எழுதிவைக்கிறேன்.

ஜீப் நானும் அண்ணனும் கல்யாணத்துக்கு முன்னால் சேர்ந்து வாங்கியது. அப்பா போனபிறகு வீடு, நிலம், பாத்திரம் எல்லாம் சண்டையில்லாமல் பிரிந்தது. ஜீப்பில் வந்து முட்டியது. சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். என் பெயர் வந்தது. மறுநாள் காலையில் வந்து பார்க்கிறேன், பானெட் திறந்து கிடக்கிறது. உள்ளே கார்புரேட்டர் இல்லை. "வண்டி உனக்கு. அது எனக்கு" என்று ஒரு துண்டுக் காகிதம் எஞ்சின் மேல், கல் வைத்து. காற்றில் பறந்துவிடக் கூடாதாம். அந்த அக்கறைக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

அன்றோடு பேச்சு நின்றது. எங்கள் இருவருக்கும்தான். என் மனைவியும் அண்ணியும் வாரம் இரண்டு முறை ஃபோனில் பேசிக்கொள்கிறார்கள். அவர்கள் சண்டையில் சேரவே இல்லை.

மார்ச் 5, வியாழன்

முடிவு செய்துவிட்டேன். இருபத்தெட்டுக்குள் மேலே போய் அவரைப் பார்த்துவிட்டு வருவது. ஆனால் ஜீப்பில் போவது. மலைப்பாதையின் பதினான்கு வளைவையும் ஒரே மூச்சில் ஏறி, அவர் வாசலில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் ஒரு ஹாரன். "உன் கார்புரேட்டர் இல்லாமலே வந்துட்டேன் பாரு." அவ்வளவுதான். பிறகு வேண்டுமானால் நலம் விசாரிக்கலாம்.

ஆகவே நல்ல கார்புரேட்டர் ஒன்று தேவை. மனைவியிடம் சொன்னேன்.

"பஸ் ஒரு நாளைக்கு ஆறு தடவ போகுது" என்றாள்.

பெண்களுக்கு எஞ்சின் விஷயம் புரிவதில்லை.

மார்ச் 7, சனி

நோட்டில் மூன்று பத்தி போட்டேன். ஒன்று: இப்போது இருக்கிற டூப்ளிகேட் போலவே புதியது. மலிவு, வேலைக்கு ஆகாது. இரண்டு: ஒரு வாய் உள்ளது, பழைய மாதிரி. சாது. மூன்று: இரட்டை வாய். சாதாரணமாக ஒரு வாயால் காற்றை இழுக்கும். மிதித்தால் இரண்டாவது வாயும் திறந்துகொள்ளும். படத்தைப் பார்த்தாலே ஏறிவிடும் போலிருக்கிறது.

நான்காவதாக ஒரு பத்தி போட்டு, "ஒரிஜினல்" என்று எழுதி, அடித்துவிட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

கடையில் கூட்டம். கண்ணாடிக் கடை வைத்து முப்பது வருஷம் ஆகிறது. ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்கிறேன்: "இதுல தெளிவா இருக்கா, அதுல தெளிவா இருக்கா?" இன்று ஒரு அம்மா நாலே நிமிஷத்தில் கண்ணுக்கு லென்ஸும் மூக்குக்கு ஃப்ரேமும் முடிவு செய்துகொண்டு போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு அவசரப்படுகிறவர்கள் பிறகு வருந்துவார்கள்.

மார்ச் 11, புதன்

ஒரு வாய்தான்.

மார்ச் 12, வியாழன்

இல்லை.

மார்ச் 14, சனி

சவுண்டிடம் நோட்டைக் காட்டினேன். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு பொறுமையாகப் படித்தார்.

"சார், கார்புரேட்டருக்குள்ள ஒரு சின்னக் கிண்ணம் இருக்கு. அதுலதான் பெட்ரோல் நிக்கும். வண்டி மேல ஏறினா கிண்ணமும் சாயும். ஜீப்புக்குக் கிண்ணம் முன்பக்கம் இருக்கணும். இந்த ரெட்டை வாயில பின்பக்கம் இருக்கு. செங்குத்தா ஏறும்போது பெட்ரோல் பின்னாடி ஒதுங்கிரும், எஞ்சினுக்குப் பட்டினி."

"திருப்பி மாட்ட முடியாதா?"

"மாட்டினா பானெட் மூடாது. ஒரிஜினல்ல இந்த வம்பே இல்ல. அதைக் கேட்டு வாங்கிருங்களேன்."

கேட்டு வாங்குவதா. நானா. வீட்டில் வந்து பேச்சுவாக்கில் சொன்னேன். மனைவி, "வெண்ணெயக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறீங்க" என்றாள். வெண்ணெய் என் கையில் இல்லை, அண்ணன் கையில் இருக்கிறது என்று திருத்தினேன். அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மார்ச் 16, திங்கள்

மனைவி ஃபோனில் அண்ணியோடு பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் பின்னணியில் ஒரு இருமல். அது யார் இருமல் என்று எனக்குத் தெரியாதா? சின்ன வயசிலிருந்து பக்கத்துப் பாயில் கேட்ட இருமல். மனைவி என்னைப் பார்த்து ஃபோனை நீட்டினாள். நான் கார்புரேட்டர் படத்தைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

ஏன் குனிஞ்சேன்? ஒரு "நல்லா இருக்கியா" கேட்டா வாய் வெந்துபோகுமா? அவன் மட்டும் கேட்டானா? அவன்தானே மூத்தவன் — அவன்தானே கழட்டிட்டுப் போனான் — நான் ஏன் முதல்ல கேக்கணும்? பன்னிரண்டு நாள்தான் இருக்கு.

மார்ச் 19, வியாழன்

இரட்டை வாய்தான். முடிவு. எதற்கும் நாளைக்கு இன்னொரு தடவை யோசித்துக்கொள்ளலாம்.

மார்ச் 21, சனி

வாங்கி மாட்டியாகிவிட்டது. சவுண்டு "உங்க இஷ்டம்" என்றார். மெக்கானிக்குகள் இதைச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டேன். மார்க்கெட் மேட்டில் ஏறிப் பார்த்தேன். பறந்தது. வேன்காரர் கண்ணில் படவேண்டுமென்று மூன்று தடவை ஏறி இறங்கினேன். அவர் இன்று லீவு.

மார்ச் 22, ஞாயிறு

காலையில் கிளம்பினேன். மனைவி வரவில்லை. "நீங்க போயிட்டு வாங்க, நான் வந்தா என்னைப் பாத்தே பேசிக்கிட்டிருப்பீங்க" என்றாள்.

முதல் பத்து வளைவு — என்ன சொல்வது, வெண்ணெயில் கத்தி. பாட்டுக்கூடப் பாடினேன். பதினோராவது வளைவில் ரோடு செங்குத்தாகிறது. ஒரு இருமல். பன்னிரண்டாவதில் மயக்கம். கிண்ணம் சாய்ந்துவிட்டது, பெட்ரோல் பின்னால் ஒதுங்கிவிட்டது, எஞ்சினுக்குப் பட்டினி. சவுண்டு சொன்னது ஒரு எழுத்துப் பிசகாமல் நடந்தது. சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் பஸ் உறுமிக்கொண்டு ஏறிப் போனது. அதில் பாதி காலி.

அப்படியே பின்னால் உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்று நினைத்தேன். உள்ளதை எழுதுகிறேன், நினைத்தேன். பிறகு நடந்தேன்.

அண்ணன் வாசலில் அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெளுத்துவிட்டது. கழுத்தில் வலிக்குப் போடுகிற பட்டை. என்னைப் பார்த்தார், என் பின்னால் காலி ரோட்டைப் பார்த்தார்.

"எந்த வளைவு?"

"பன்னெண்டு."

"கிண்ணம் பின்பக்கமா?"

"ஆமா."

"மடையன்."

பதினோரு வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு. எனக்கு மூச்சு வாங்கியது. வந்த வேகத்தில், நினைத்திருந்த வசனம் எல்லாம் மறந்து, "அது எங்கண்ணா? அதைக் குடு" என்றேன்.

கயிற்றை விட்டுவிட்டார். அண்ணிதான் சொன்னார்: "வியாழக்கிழம பழைய இரும்புக்காரன் வந்தான். போட்டுட்டாரு."

"வியாழக்கிழமையா? இந்த வியாழனா?"

"பதினோரு வருஷமா மண்ணெண்ணெய்ல துடைச்சுத் துடைச்சு வச்சிருந்தாரு. கிளம்பற தேதி தெரிஞ்சா நீங்க கேட்டு வருவீங்கன்னு வாசலையே பாத்துக்கிட்டிருந்தாரு."

"நீதான் புதுசு தேடறியாமே" என்றார் அண்ணன், பெட்டியைப் பார்த்துக்கொண்டு. "ஃபோன்ல சொன்னாங்க. ஒரு வாயா ரெட்டை வாயான்னு நோட்டுப் போட்டு எழுதறியாம். சரி, இது அவனுக்கு வேணாம்னு ஆயிருச்சு, அப்புறம் எனக்கெதுக்குன்னு தூக்கிப் போட்டேன்."

கேட்கக் கூடாது என்பதற்காகத் தேடினேன். தேடினதைக் கேட்டு அவன் தூக்கிப்போட்டான். அழுகை வந்தது. அட்டைப்பெட்டித் தூசு என்று சொல்லியிருக்கலாம், சொல்லத் தோன்றவில்லை. அவன் கயிற்றின் மறு முனையை என் கையில் கொடுத்து, "இழுத்துப் பிடி" என்றான். பிடித்தேன். ஆறு பெட்டி கட்டினோம்.

பிறகு இருவரும் ஜீப்பிடம் இறங்கிப் போனோம். சுற்றிவந்து பார்த்தான். பானெட்டைத் தட்டினான். "ரிவர்ஸ்ல ஏத்துவோம்" என்றான். "கிண்ணம் பின்னாடிதானே? பின்பக்கமா ஏறினா அது மேல் பக்கம் வந்துரும்."

இவ்வளவு சுலபமானது எனக்குத் தோன்றவே இல்லை. ஸ்டியரிங்கில் அவன். கழுத்துப் பட்டையோடு அவனால் திரும்பிப் பார்க்க முடியாது. ஆகவே நான் பின்னால் நின்று வழி சொல்லவேண்டும்.

"இடது! இடது!"

"உன் இடதா, என் இடதாடா?"

"பாறைப் பக்கம் போகாதன்னா!"

"அதை மொதல்ல சொல்லு!"

வண்டி கரும்புகை கக்கிக்கொண்டு, பின்புறத்தை முன்னால் நீட்டிக்கொண்டு ஏறியது. கீழே வந்த பஸ்ஸில் அத்தனை பேரும் ஜன்னல் பக்கம் வந்து பார்த்தார்கள். இரண்டு வளைவுக்கும் இடைவிடாமல் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டோம். வாசலில் போய் நிறுத்தியதும், எஞ்சினை அணைக்காமல் ஹாரன் அடித்தது அவன்தான்.

மார்ச் 23, திங்கள்

பத்தொன்பதாம் தேதி, அந்த வியாழக்கிழமை, என்ன எழுதியிருக்கிறேன் என்று திருப்பிப் பார்த்தேன்.

மார்ச் 28, சனி

கடைசி வளைவுகளை மறுபடியும் ரிவர்ஸில் ஏறிப் போய், ஜீப்பிலேயே விமான நிலையம் கொண்டுபோய் விட்டேன். மனைவியும் அண்ணியும் பின்னால், மடியில் பெட்டி. இறக்கம் முழுவதும் வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. நின்றிருக்கலாம். உள்ளே போகுமுன் அண்ணன் என் சட்டைப் பையில் ஒரு காகிதத்தைச் செருகினான். அவனுடைய புது ஃபோன் நம்பர். மறுபக்கம்: "கிண்ணம் முன்பக்கம் உள்ளதாகப் பார்த்து வாங்கு."

வீட்டுக்கு வந்ததும் மனைவி, "பஸ்ஸிலயும் போயிருக்கலாம்" என்றாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

சவுண்டு காலையில் கடைக்கு வந்தார். எங்கோ ஒரு பழைய குடோனில் ஒரு வாய் கார்புரேட்டர் கிடைத்ததாம். அசல், பிரிக்காத பெட்டி, கிண்ணம் முன்பக்கம். "அரை மணி நேர வேலை சார். மாட்டிரலாமா?"

அதைப் பழைய லென்ஸ் டப்பாக்களுக்குப் பின்னால் வைத்துவிட்டு, "இப்ப வேணாம், வீட்டுல சொல்லிராதீங்க" என்றேன். வீட்டில் தெரிந்தால் அண்ணிக்குத் தெரியும். அண்ணிக்குத் தெரிந்தால் அவனுக்குத் தெரியும்.

சாயங்காலம் அண்ணன் ஃபோன் செய்தான். இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை. "என்னடா, முடிவு பண்ணியா?"

"அதான்ணா, ஒரு வாயா ரெட்டை வாயான்னு இன்னும் ஒரு குழப்பம்" என்று முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

முக்கால் மணி நேரம் திட்டினான்.