ஈஸ்டரன்று நான் சொன்ன சாட்சி

பழங்காநத்தம்

அன்பு மகன் அருள்பாண்டிக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நாங்கள் இருவரும் சுகம், அப்பாவுக்கு மூட்டுவலி மட்டும் உண்டு, வாய்க்கு ஒரு குறையும் இல்லை. மஸ்கட்டில் வெயில் எப்படி, மோர் குடிக்கிறாயா? ரூமில் கூட இருக்கிற சிநேகிதன் காளையை மறுபடியும் கோபத்தில் வைதுவிட்டேன், ஞானஸ்நானம் எடுத்தும் மாறாத நான் இனி நற்கருணை வாங்க மாட்டேன் என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்பு. போனில் பதில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

ஈஸ்டருக்கு முந்தின இந்த நாற்பது லெந்து நாட்களில் நானும் கோபத்தை விடுவதாகப் பொருத்தனை பண்ணினேன். மாடிவீட்டுச் செல்லக்கிளிக்கும் எனக்கும் யார் முதலில் தண்ணீர் மோட்டார் போடுவது என்று தினமும் சண்டைதானே. அவள் படியிறங்கும் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்திக்கொள்வேன், சர்ச்சில் அவள் முன்னே உட்கார்ந்தால் நான் பின்னே. சண்டையில்லாத நாளுக்குப் பால் கணக்கு நோட்டில் ஒரு கோடு, நாற்பதும் சேர்ந்தது. ஈஸ்டர் ஆராதனையில் எழுந்து, கோபத்தின்மேல் ஆண்டவர் எனக்கு ஜெயம் தந்தார் என்று சாட்சியும் சொல்லிவிட்டேன். வெளியே செருப்பைத் தேடும்போது செல்லக்கிளி வந்து, "கோவத்த ஜெயிச்சீகளாக்கா? நாப்பது நாளா என்னையக் கண்டா ஓடுனீகளே, அதுவா?" என்றாள். "எவளப் பாத்துடி ஓடுனேன்?" என்று நான் போட்ட சத்தத்தில் பாஸ்டரம்மா கையிலிருந்த பன் தட்டே ஆடிவிட்டது. அப்பா வேறு, "சாட்சி சொல்லிப் பத்து நிமிசங்கூட ஆகலையேடி" என்று சிரிக்கிறார்.

வீட்டுக்கு வந்து அழுதேன். கோபத்தை நான் விடவே இல்லையப்பா, கதவுக்கு அந்தப் பக்கம் நிறுத்தித்தான் வைத்திருந்தேன். என் வீம்பில் செய்ததை ஆண்டவர் பேரில் சொல்லியும்விட்டேன். என்னால் ஆகவில்லை, நீரே மாற்றும் என்று அன்றைக்குத்தான் உண்மையாய்க் கேட்டேன். மறுநாள் மாடியேறி மன்னிப்புக் கேட்டால், "உக்காருங்கக்கா, இம்புட்டு மூச்சு வாங்குது, சண்டைக்குத்தான் வாரீகளோன்னு பயந்துட்டேன்" என்று காபி கொடுத்தாள். இப்போதும் கோபம் வருகிறது. முன்பு வாரக்கணக்கில் பேச மாட்டேன், இப்போது உலை கொதிக்குமுன் நானே போய்ப் பேசிவிடுகிறேன். அப்படிப் போகிற ஆள் நான் இல்லை, அவர்தான் நடத்திக்கொண்டு போகிறார். மாறி முடித்தவர்களுக்கு மட்டும்தான் நற்கருணைப் பந்தி என்றால் நம் சர்ச்சில் முழங்கால் போட ஒருவரும் இருக்கமாட்டார்கள், பாஸ்டரையும் சேர்த்து. ஞாயிறன்று நீயும் போய்க் கை நீட்டு தங்கமே.

தலைக்கு எண்ணெய் வை. கர்த்தர் உன் கூடவே இருந்து உன்னைத் தேற்றுவாராக. இப்போதுதான் அப்பா, "அவன் படிக்கவா போறான், மூணு பக்கம் எழுதுற" என்றார், நான் கத்திவிட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். மன்னிப்புக் கேட்கப் போகிறேன். நீயும் எழுந்து காளையிடம் போ.

உனக்காக ஜெபிக்கும் அம்மா,
தமிழ்ச்செல்வி