பென்சில் புள்ளி வைத்த பெட்டிகள்

ஜூன் 3
இன்று விற்றது நான்கு ஜோடி. அதில் ஒன்று குளியலறைச் செருப்பு. பஸ் ஸ்டாப்பை அடுத்த தெருவுக்கு மாற்றி எட்டு மாதம் ஆகிறது. முன்பெல்லாம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மழைக்கு ஒதுங்குகிற சாக்கில் உள்ளே வந்து ஒரு ஜோடி வாங்கிப் போவார்கள். இப்போது மழை மட்டும் வருகிறது.

மாதக் கடைசியில் கடை ஒப்பந்தம் முடிகிறது. புதுசு போடும்போது வாடகையை ஏற்றுவேன் என்று ஓனரக்கா சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஏற்றுவதாவது! இப்போது கொடுப்பதில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால்தான் தாக்குப்பிடிப்பேன். இல்லையென்றால் ஷட்டரை இறக்கிவிட்டுப் பழையபடி நடைபாதையில் சாக்கு விரிக்க வேண்டியதுதான். இருபது வயதில் அதைச் செய்தேன். ஐம்பத்திரண்டில் முழங்கால் ஒத்துக்கொள்ளுமா?

ஜூன் 5
பேச வேண்டியதைக் கண்ணாடி முன் நின்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். மனைவி சிரித்தாள்.

ஜூன் 9
ஓனரக்கா வந்தார். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் பார்த்த பார்வையிலேயே எடை போடுவார். ஸ்டூலில் உட்கார வைத்து, பஸ் ஸ்டாப்பில் ஆரம்பித்து, தெருவே காற்று வாங்குவது வரை சொல்லி முடித்தேன். நன்றாகத்தான் பேசினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்தார்.

"ஏன் தம்பி, கூரை முட்டப் பெட்டி அடுக்கி வெச்சிருக்கீங்க. இவ்ளோ சரக்கு போட்டவரா வாடகையைக் குறைக்கச் சொல்றது?"

கடை ஆள் ஏணி சட்டென்று திரும்பி, துடைத்த ஷூவையே மறுபடி துடைத்தான். (ஏணி என்பது பட்டப்பெயர். நாற்பது வயது, ஆறேகால் அடி. ஏணி வாங்கும் செலவை மிச்சப்படுத்தியவன்.)

எப்படிச் சொல்வேன்? கண் மட்டத்துக்கு மேலே இருப்பதெல்லாம் காலிப் பெட்டி. விற்ற ஜோடியின் பெட்டியை நான் எறிவதே இல்லை. அடியில் மூலையில் ஒரு பென்சில் புள்ளி வைத்து மேலே ஏற்றிவிடுவோம். அவசரத்தில் ஏணி காலியை இறக்கிவிடக் கூடாதே, அதற்குத்தான் புள்ளி. கடை நிறைந்து தெரிந்தால்தான் ஆள் நுழைவான். இந்தத் தொழிலில் நான் முதலில் கற்றது இதுதான். இப்போது அதுவே என் கழுத்தைப் பிடிக்கிறது.

ஜூன் 10
"ஒரு பெட்டியத் திறந்து காட்டிடுங்களேன்" என்றாள் மனைவி.

"நடுத்தெருவுல துணியில்லாம நிக்கச் சொல்றியா?"

"நடுத்தெரு எங்கங்க? ஒரே ஒரு அக்கா முன்னாடி."

சாப்பிட்டு எழுந்தேன்.

ஜூன் 14
வேறு வழியில் போய்ப் பார்த்தேன். புது பஸ் ஸ்டாப் பக்கம் ஒரு கடை பார்த்திருப்பதாகப் போனில் மெல்ல அவிழ்த்துவிட்டேன். பார்த்தது உண்மை. அட்வான்ஸ் தொகையைக் கேட்டதும் வந்த வழியே திரும்பியதைச் சொல்லவில்லை.

"தாராளமா போங்க தம்பி. உங்க கடையைக் கேட்டு மூணு பேர் வந்துட்டுப் போயிட்டாங்க."

மூன்று பேர். எந்த மூன்று பேர்? எங்கள் வரிசையில் இரண்டு கடை ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. அதைக் கேட்காமல் என்னுடையதைக் கேட்பார்களாமா? அந்த மூன்று பேரும் பென்சில் புள்ளி வைத்த ஆட்கள்தான். சத்தியம்.

அப்படியானால் அவரும் பயந்துபோய்த்தான் இருக்கிறார்.

ஜூன் 22
இன்று நடந்ததை எழுதவே கூசுகிறது. ஒரு பெரியவர், வீங்கின கால். எதுவும் சேரவில்லை. மேல் வரிசையைக் காட்டி, "அந்த அகலப் பெட்டியில என்ன இருக்கு, அத எடுங்க" என்றார். ஏணி என்னைப் பார்த்தான். "அது வேற ஒருத்தர் சொல்லி வெச்சதுங்க" என்றேன். அவர் எடுத்த பணத்தை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டு, நொண்டி நொண்டிப் படி இறங்கினார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாமே. வரவழைத்துத் தரேன்னு சொல்லியிருக்கலாமே! என்ன புத்தி இது? யாரை ஏமாத்திட்டு இருக்கேன் நான்?

ஜூன் 26
ஓனரக்காவை வரச் சொன்னேன். ஸ்டூல் போட்டேன். "மேல இருக்கறதுல எது வேணாலும் காட்டுங்க அக்கா, இறக்கச் சொல்றேன்."

ஒன்றைக் காட்டினார். ஏணி இறக்கினான். காலி. இன்னொன்று. காலி. மூன்றாவதைத் திறக்கவில்லை, கையில் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"எவ்ளோ நாளா?"

"பஸ் ஸ்டாப் போனதுலேருந்துக்கா. அதுக்கு முன்னாடி பாதிதான் காலி."

பிறகு நான்தான் ஆரம்பித்தேன்: என் சரக்குக்குப் பாதிக் கடை போதும். நடுவில் பலகைத் தடுப்பு போட்டு மறுபாதியை வேறு யாருக்காவது விடுங்கள். என் பாதிக்கு மட்டும் வாடகை.

"மறுபாதிக்கு நான் யாரைத் தேடுவேன்?"

"அந்த மூணு பேர் இருக்காங்களே அக்கா."

முறைத்தார். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற அளவுக்குச் சிரித்தார். பாதி வாடகை, மேலே கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்குத்தான் அரை மணி நேரம் மல்லுக்கட்டினோம். தடுப்புச் செலவு ஆளுக்குப் பாதி.

ஜூலை 4
தச்சர் வந்தார். காலிப் பெட்டிகள் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போயின. தள்ளுவண்டி இரண்டு நடை.

"கடை சின்னதாயிடுச்சு. இனி எட்டி எடுக்க ஒண்ணுமில்ல. நான் இருக்கணுமாண்ணே?" என்றான் ஏணி.

"உன் உயரத்துக்கா சம்பளம் குடுத்தேன்? போய் அந்தப் பெரியவர் காலுக்குச் சேர்ற மாதிரி அகலச் செருப்புக்கு ஆர்டர் போடு. மூணு ஜோடி."

ஜூலை 19
பெரியவர் இன்னும் வரவில்லை. அகலச் செருப்பு வாசல் பக்கமே இருக்கிறது.

ஆகஸ்ட் 11
மறுபாதிக்கு ஒரு தையல்காரப் பெண் வந்திருக்கிறாள். முதல் நாளே வாசலில் இருபது உருப்படி தொங்குகிறது. "அதுக்குள்ள இவ்ளோ ஆர்டராம்மா?" என்றேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள்: "எல்லாம் எங்க வீட்டுத் துணிதாண்ணே."

சாயங்காலம் என் கடையில் செருப்பு போட்டுப் பார்த்த ஓர் அம்மா, பக்கத்தில் நன்றாகத் தைப்பார்களா என்று கேட்டார். எட்டிப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்து ஒரு பழைய தலையணை உறையைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"கூட்டம் ஜாஸ்திங்க" என்றேன். "இன்னைக்கே குடுத்து வெச்சிடுங்க."