பட்டமரத்துக் குடித்தனம்

மார்ச் 4, செவ்வாய்

அம்மாவின் கண் ஆபரேஷன் முடிந்து இன்றுதான் வேலைக்குத் திரும்பினேன். மொட்டையன் இல்லை.

முதலில் பாதை மாறி வந்துவிட்டேனோ என்றுதான் நினைத்தேன். ஓடைத் திருப்பத்தில் நின்று வலப்பக்கம் பார்த்தால் அவன் தெரிய வேண்டும். தலை முறிந்து, பட்டை உரிந்து, நான் இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்தே செத்துப்போய் நின்ற மரம். செத்த மரம் என்று பேர்தான். மேலே மரங்கொத்தி, அது காலி செய்துவிட்டுப் போன பொந்தில் பறக்கும் அணில், உரிந்த பட்டை இடுக்கில் வௌவால் கூட்டம், அடியில் வேர்ப் பள்ளத்தில் கீரி. பச்சையாய் நிற்கிற மரம் எதிலும் இவ்வளவு குடித்தனம் கிடையாது. இப்போது அங்கே மரத்தூள் கிடக்கிறது. பக்கத்தில் வருஷக்கணக்காய் விழுந்து கிடந்த கட்டைகளையும் டிராக்டரில் கட்டி இழுத்துப் போயிருக்கிறார்கள். இழுத்த தடத்தில் வண்டுப் புழுக்கள் வெயிலில் நெளிந்தன. காக்கைகளுக்கு நல்ல வேட்டை.

அவன் மேல் நான் போட்ட வெள்ளைக் கோடு இருந்தது. வெள்ளை என்றால் உள்ளே ஆள் இருக்கிறது, தொடாதே. நீலம் என்றால் காலி, தேவைப்பட்டால் வெட்டலாம். ஏணி போட்டு ஏறி, பொந்துக்குள் கேமராவை விட்டுப் பார்த்து, கோடு போடுவதுதான் என் உத்தியோகம். அலுவலகத்தில் எனக்குப் பேரே பொந்துக்காரி.

துடைப்பக்கட்டையின் அறைக்குப் போனேன். புது அதிகாரி. வந்த நாளிலிருந்து காட்டைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டே இருப்பதால் நாங்கள் வைத்த பேர் அது.

"சார், அதுல வெள்ளைக் கோடு இருந்துச்சே?"

"மழையில போயிருக்கும்மா."

மழையா? ஒரு மாதமாய்த் தூறல்கூட இல்லை. நான் நகராமல் நிற்பதைப் பார்த்து, கிளார்க்குகள் பக்கம் திரும்பிச் சிரித்தான். "செத்த மரத்துக்கு யாராவது துக்கம் விசாரிக்க வருவாங்களா? இந்தம்மா வந்திருக்காங்க பாருங்க."

அத்தனை பேரும் சிரித்தார்கள். நேற்றுவரை என் டிபன் பாக்ஸில் கை வைத்தவர்களும்தான்.

மார்ச் 5, புதன்

விடமாட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

தம்பியும் அவன் பொண்டாட்டியும் மதியம் சாப்பிட வந்தார்கள். அவனும் எங்கள் காட்டில்தான், மரம் வெட்டும் மிஷின் அவன் கையில். மொட்டையனை வெட்டியது அவன் இல்லை. வெளியாட்களை விடுமுறை நாளில் வரவழைத்து வெட்டியிருக்கிறார்கள்.

"தட்டக்கூட இல்லையாம் அக்கா. வந்தானுங்க, மிஷினைப் போட்டானுங்க, போயிட்டானுங்க."

எங்கள் வெட்டுக்காரர்கள் தட்டாமல் வெட்ட மாட்டார்கள். கோடு நீலமாகவே இருந்தாலும் கோடாலியின் பின்பக்கத்தால் அடிமரத்தில் மூன்று தட்டு தட்டி, காதை வைத்து நிற்பார்கள். உள்ளே எதுவாவது பிறாண்டினால், தலை நீட்டினால், அன்றைக்கு அந்த மரம் பிழைத்தது. தம்பி இதில் ரொம்பக் கறார். சில சமயம் நின்றவாக்கில் தூங்கிவிட்டானோ என்று தோன்றும்.

என் வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். "நானும் தட்டித்தான் பார்க்கிறேன், உள்ளேயிருந்து ஒருத்தனும் எட்டிப் பார்க்கிறதில்லை" என்றார். தம்பி பொண்டாட்டிக்குப் புரையேறிவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர்கள் போன பிறகு இவர் சொன்னார்: "ஒரு மரத்துக்காக ராத்தூக்கத்தைக் கெடுத்துக்காதே."

மரத்துக்காக மட்டுமா? அந்தச் சிரிப்புக்காகவும்தான். துடைப்பக்கட்டை சிரித்தது எனக்குள் முள்ளாய் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிடுங்க இடுக்கி வேண்டும், இவருடைய புத்திமதி வேண்டாம்.

மார்ச் 14, வெள்ளி

புகார் எழுதினேன். மேலிடத்துக்குப் போகிற எல்லாக் காகிதமும் துடைப்பக்கட்டையின் மேசை வழியாகத்தான் போக வேண்டுமாம். கிழித்துப் போட்டேன்.

ஏப்ரலில் மேலிடத்திலிருந்து பார்வையிட ஒரு குழு வருகிறது. துடைப்பக்கட்டைக்குப் பதவி உயர்வு வேண்டும். அதனால்தான் இப்படிக் கூட்டிப் பெருக்குகிறான். விழுந்த கட்டை ஒன்று கண்ணில் படக் கூடாது. அந்தக் கட்டைகள் மேல்தான் புது மரக்கன்றுகள் முளைக்கும், அதற்கடியில்தான் தவளைகள் கோடையைக் கழிக்கும் என்று யாராவது சொன்னால், "காடு பார்க்க வீடு மாதிரி இருக்கணும்மா" என்கிறான். யார் வீடு மாதிரி?

மார்ச் 27, வியாழன்

பாதை ஓரத்தில் சாய்ந்து நிற்கும் பட்டமரத்தில் ஆந்தை!

ஜனவரியில் ஏறிப் பார்த்தபோது காலி. நீலக் கோடு போட்டது நான்தான். இன்று கீழே நிற்கும்போது காலடியில் எலி முடியும் எலும்புமாய் ஆந்தை கக்கிய உருண்டைகள் கிடந்தன. ஏறிப் பார்த்தேன். தாய் அடைகாத்துக்கொண்டிருக்கிறது. கேமராவை அவ்வளவு பக்கத்தில் கொண்டுபோயும் அசையவில்லை, கண்ணை மட்டும் பாதி திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. என்ன ராங்கி!

வெள்ளை பெயின்ட் டப்பாவில் அடி காய்ந்துவிட்டது. ஸ்டோரில் கேட்டிருக்கிறேன். வந்ததும் மாற்றிவிட வேண்டும்.

ஏப்ரல் 2, புதன்

பெயின்ட் வந்துவிட்டது. கோட்டை மாற்றவில்லை.

காரணம் இருக்கிறது. காலையில் கூட்டம். ஆபத்தான மரங்களை எப்படி அப்புறப்படுத்துகிறோம் என்று குழுவின் முன்னால் துடைப்பக்கட்டை ஒரு மரத்தை வெட்டிக் காட்டப் போகிறானாம். எந்த மரம்? பாதை ஓரத்தில் சாய்ந்து நிற்கிறதே, அதே மரம். "நீலக் கோடு இருக்கு, பிரச்சினை இல்லை" என்றான், என்னைப் பார்த்துக்கொண்டே.

கோடு ஒரு மாதத்துக்குத்தான் செல்லும். அதற்குப் பிறகு வெட்டுவதென்றால் மறுபடி ஏறிப் பார்க்கச் சொல்லி அதிகாரி உத்தரவு போட வேண்டும். அவன் ஒருநாளும் போட்டதில்லை. ஜனவரிக் கோட்டை வைத்துக்கொண்டு ஏப்ரலில் வெட்டப் போகிறான். நான் வாயைத் திறக்கவில்லை. உத்தரவு இல்லாமல் நான் ஏன் ஏற வேண்டும்?

நடக்கப்போவது இதுதான். வெட்டுக்காரன் தட்டுவான். ஆந்தை தலை நீட்டும். குழு மொத்தமும் பார்க்கும். குழுத் தலைவி அம்மா விதி விஷயத்தில் நெருப்பு என்று கேள்வி. குடியிருக்கும் மரத்தை வெட்டத் துணிந்தவன் என்று அங்கேயே அவன் மானம் கப்பலேறும். ஆந்தைக்கு ஒரு கீறல்கூட விழாது.

பல நாளைக்குப் பிறகு இன்று இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

இரண்டு குஞ்சுகள். பஞ்சை உருட்டி வைத்த மாதிரி இருக்கின்றன. தாய் அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்கிறது.

வெட்டப்போவது தம்பி என்று முடிவாகிவிட்டது. விருந்தாளிகள் முன்னால் மரத்தைச் சொன்ன இடத்தில் சாய்க்க அவனைவிட்டால் ஆளில்லை. நல்லதாய்ப் போயிற்று, அவன் தட்டாமல் வெட்ட மாட்டான்.

அவனிடம் சொல்லலாமா? வேண்டாம். அவனுக்கு நடிக்க வராது. சின்ன வயதில் நான் ஜாடி உடைத்ததைக்கூட இவன் முகத்தைப் பார்த்தே அம்மா கண்டுபிடித்துவிடுவாள்.

ஏப்ரல் 16, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

குழு வந்தது. துடைப்பக்கட்டை இஸ்திரி போட்ட சட்டையில் முன்னால் நடந்தான். மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி எல்லாரையும் தள்ளி நிற்க வைத்தார்கள். தம்பி தட்டினான். மூன்று தட்டு. எல்லாரும் மேலே பார்த்தோம். ஒன்றும் வரவில்லை.

தலை நீட்டேன். நீட்டித் தொலையேன்! அது நீட்டவில்லை. குஞ்சு வைத்திருக்கிற தாய் எதற்கு நீட்டும்? எனக்குத் தெரியாதா அது? கேமராவுக்கே அசையாதது தட்டினாலா அசையும்? தெரிஞ்சுதான் தெரியாத மாதிரி இருந்தேனா?

தம்பி காதை மரத்தில் வைத்தபடி ரொம்ப நேரம் நின்றான். பிறகு நிமிர்ந்து கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தான். நான் கத்தியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். ஆனால் கத்தினால், உனக்கு எப்படித் தெரியும், தெரிந்தும் ஏன் நீலம் என்று கேட்பார்கள். துடைப்பக்கட்டை தப்பித்துவிடுவான். மறுபடியும் என்னைப் பார்த்துச் சிரிப்பான். அதைத்தான் நினைச்சேன். அந்த நேரத்துலயும் அதைத்தான் நினைச்சேன்.

நான் தரையைப் பார்த்தேன். மிஷின் சத்தம் கேட்டது.

மரம் சொன்ன இடத்தில் விழுந்தது. பொந்து பிளந்தது. தாய் எப்படியோ பறந்து வெளியே வந்து, வெயிலில் கண் தெரியாமல் கிளைக்குக் கிளை மோதியது, காக்கைகள் துரத்தின. ஒரு குஞ்சு அங்கேயே போய்விட்டது. இன்னொன்று குழுத் தலைவி அம்மாவின் கைக்குட்டையில் கொஞ்ச நேரம் வாயைத் திறந்து திறந்து மூடியது.

"இந்த மரத்துல குடியிருப்பு இருக்கானு கடைசியா யார் பார்த்தது?" என்று அந்த அம்மா கேட்டார்.

துடைப்பக்கட்டை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "கடைசி சோதனை வெட்டுக்காரர் தட்டிப் பார்க்கிறதுதாங்க மேடம். அது அவர் பொறுப்பு."

என் தம்பியைக் கை காட்டினான்.

ஏப்ரல் 17, வியாழன்

தம்பிக்கு வேலைநீக்க உத்தரவு. விசாரணை முடியும்வரை தற்காலிகமாம். மரியாதைக்குத்தான் அந்த வார்த்தை.

ஏப்ரல் 18, வெள்ளி

என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஜனவரியில் போட்ட கோடு, ஜனவரியில் சரிதானே. துடைப்பக்கட்டை இன்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். "உங்க தம்பினு தெரியும். மனசுல வச்சுக்காதீங்க, எனக்கு வேற வழியில்லை." அந்த டீயை அவன் முகத்தில் ஊற்றவில்லை. குடித்தேன்.

இவனைச் சும்மா விடக் கூடாது. இவன் குடும்பத்தோடு நடுத்தெருவில் நிற்கிற வரைக்கும்... என்று எழுத ஆரம்பித்தேன். நடுத்தெருவில் நிற்பது யார் குடும்பம்?

ஏப்ரல் 24, வியாழன்

தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். மிஷினைப் பிரித்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். நாளைக்குத் திருப்பி ஒப்படைக்க வேண்டுமாம். அழுக்காய்க் கொடுக்க அவனுக்கு மனசில்லை.

"சரியாத் தட்டலைனு எழுதிக் கொடுத்துட்டேன் அக்கா."

"நீயா? நீ ஏண்டா அப்படி எழுதின? நான்தான் பார்த்தேனே, எவ்வளவு நேரம் நின்ன!"

பொண்டாட்டி அடுப்படியில்தான் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"உள்ளே சத்தம் கேட்டுச்சு அக்கா. நகம் பிறாண்டுற சத்தம். நல்லாவே கேட்டுச்சு."

நான் எண்ணெய் டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"ஆனா கோடு நீலம். நீ தினம் அந்த வழியாத்தானே போற. ஏதாவது இருந்தா மாத்தியிருப்பியேனு உன்னைப் பார்த்தேன். நீ சும்மா நின்ன. சரி, எலியா இருக்கும், நம்ம காதுதான் தப்பு, அக்கா தப்பு பண்ண மாட்டானு வெட்டிட்டேன். இதைச் சொன்னா உன் வேலையும் போயிடும். ஒரு வீட்டுக்கு ஒருத்தர் போதாதா? நீயும் மனுஷிதானே, ஒரு தடவை கண்ணு தவறியிருக்கும். விடு."

எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துவிட்டு, எனக்குக் காபி போடச் சொல்லிக் குரல் கொடுத்தான்.

ஏப்ரல் 25, வெள்ளி

விசாரணை. கூப்பிடாமலே போய் நின்றேன். மார்ச்சிலேயே தெரியும் என்றேன். பெயின்ட் வந்தும் மாற்றவில்லை என்றேன். ஏன் என்று குழுத் தலைவி அம்மா கேட்டார். அதிகாரி மேல் இருந்த ஆத்திரம் என்றேன். மொட்டையனைப் பற்றியும் சொன்னேன், வெள்ளைக் கோடு மழையில் போன கதையையும் சொன்னேன். அதை யாரும் எழுதிக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. மறைத்தவள் வாயிலிருந்து வந்த உண்மை, எப்படி எடுபடும்?

உத்தரவு போடாததற்குத் துடைப்பக்கட்டைக்கு ஓர் எச்சரிக்கை. எனக்கு வேலை போயிற்று. தம்பிக்கு வேலை திரும்பக் கிடைக்கும் என்றார்கள்.

தம்பி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கதவு திறந்தேதான் இருந்தது. எல்லாம் கேட்டிருக்கிறான்.

"அன்னைக்கு நான் உன்னைப் பார்த்தேனே அக்கா. அப்பவும் தெரியுமா?"

"தெரியும்டா."

எழுந்து போய்விட்டான்.

மே 6, செவ்வாய்

தம்பி பொண்டாட்டி போன் செய்தாள். நாளையிலிருந்து அவன் மறுபடி வேலைக்குப் போகிறானாம். ஓடைப் பக்கம் பட்டமரங்களை வெட்டுவதை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். ஆந்தை விவகாரத்துக்குப் பிறகு மேலிடத்துக்குப் பயம். துடைப்பக்கட்டைக்குப் பதவி உயர்வு வரவில்லை. இதையெல்லாம் கேட்டுத் துள்ளிக் குதித்திருக்க வேண்டும் நான்.

"அவன் சொல்லச் சொன்னானா?" என்று கேட்டேன்.



"இல்ல அண்ணி. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னுதான் சொன்னாரு."